பிள்ளைக்கென ஒரு மூலை

அவிநாசியின் கதையைக் கொங்கு நாட்டார் எவருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சுந்தரமூர்த்தி நாயனார் இவ்வூர் வீதி வழியே வந்தபோது எதிரெதிராக இருந்த இரு வீடுகளிலிருந்து இருவேறு ஒலிகள் எழுந்தன. ஒரு வீட்டில் மங்கல முழக்கம். மறு வீட்டில் அழுகுரல். காரணம் கேட்டார். ஐந்து வயதுச் சிறுவர் இருவர் முன்னொரு நாள் குளத்தில் இறங்கினார்கள். ஒருவனை முதலை விழுங்கிற்று, மற்றவன் கரையேறினான். பிழைத்தவனுக்கு இன்று பூணூல் கலியாணம். அவன் ஓதத் தொடங்கும் நாள் இது. இறந்தவனும் இருந்திருந்தால் இன்று ஓதத் தொடங்கியிருப்பானே என்று எதிர்வீட்டுத் தாய் அழுகிறாள். முதலை வாயிலிருந்து பிள்ளை வெளிவரும் சிற்பத்தை அவிநாசியில் இன்றும் காணலாம்.

சைவ அன்பர்கள் போற்றும் இந்த அற்புதத்தை விளக்குவது என் நோக்கமன்று. அதன் தொடக்கத்தில் நிற்கும் அந்த இரு வீடுகளே என் நெஞ்சில் தங்கிவிட்டன. ஒரே வயதுப் பிள்ளைகள், ஒரே வீதி. ஒரு வீட்டில் படிப்புக்கு வாசல் திறக்கிறது. எதிர்வீட்டில் அது அடைபட்டுக் கிடக்கிறது. மாலை ஏழு மணிக்கு இன்றைய அவிநாசித் தெருவொன்றில் நடந்து பாருங்கள். ஒரு வீட்டில் மேசை, நாற்காலி, மேலே மின்விசிறி. பிள்ளை குனிந்து எழுதுகிறான். அடுத்த வரிசையில் ஒற்றை அறை வீடு. சமையல், தொலைக்காட்சி, தம்பியின் அழுகை, தந்தையின் களைப்பு எல்லாம் ஒன்பதடிக்குள். பிள்ளை வாசற்படியில் அமர்ந்து, முழங்காலையே மேசையாக்கிக்கொண்டிருக்கிறாள். மறுநாள் காலையில் இருவரும் ஒரே பள்ளியில், ஒரே ஆசிரியர் முன் நோட்டை நீட்டவேண்டும்.

பிள்ளை வீட்டில் அமர்ந்து படிக்க ஓர் இடம் என்னும் எண்ணம் நம் நாட்டில் எப்போது தோன்றியது? அதைத் தேடிப் போனால் முதலில் எதிர்ப்படுவது திண்ணை.

1822ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். அப்போது கோயமுத்தூர் ஆட்சியராக இருந்தவர், உதகை நகரை உருவாக்கியவராக நாம் அறிந்திருக்கும் ஜான் சல்லிவன். அவர் அனுப்பிய கணக்கின்படி அன்றைய கோயமுத்தூர் மாவட்டத்தில் 763 பள்ளிகளும் 8,206 மாணாக்கரும் இருந்தனர். பள்ளிக்குப் பதினொரு பிள்ளைகள் கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இவை பெரும்பாலும் தனிக் கட்டடங்கள் அல்ல. யாரோ ஒருவருடைய வீட்டுத் திண்ணைகள், சத்திரங்கள், மரத்தடிகள். மாகாணம் முழுவதற்குமாக மன்றோ 1826இல் தொகுத்துத் தந்த கணக்கு 12,498 பள்ளிகள், 1,88,650 மாணாக்கர். அத்தோடு அவர் இன்னொன்றையும் குறித்தார். சென்னை நகரில் வீட்டிலேயே கல்வி பெற்றோர் ஏறத்தாழ 27,000 பேர் என்றும், அது பள்ளியில் பயின்றோரைப் போல் ஐந்து மடங்கு என்றும் கணக்கு வந்திருந்தது. அந்த எண்ணில் பிழை இருக்கக்கூடும் என்று மன்றோவே ஐயுற்றார். ஆயினும் தந்தையோ மாமனோ பிள்ளையை அருகில் அமர்த்திச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் சிறிதன்று என்பதை அவர் ஒப்புக்கொண்டார்.

ஆக, வீடும் பள்ளியும் அன்று ஒன்றுக்கொன்று அயலானவை அல்ல. வீட்டின் முகப்பே பள்ளி. பொழுது விடியுமுன் போய், உணவுக்கு வந்து, மீண்டும் போய், பொழுது சாய வீடு திரும்பும் பிள்ளைக்கு வீட்டில் எழுத வேண்டியது ஏதுமில்லை. ஓலைச் சுவடியும் எழுத்தாணியும், சிறு பிள்ளைக்கு மணலும் விரலும் போதும். அந்த மணலைப் பற்றி ஒரு செய்தி உண்டு. 1789இல் எழும்பூர் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்திற்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்பவர், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதையும் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கண்டார். அம்முறையைத் தம் இல்லத்தில் கையாண்டு, 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். அங்கு அது ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்றுப் பரவிற்று. ஏழைப் பிள்ளைகளுக்குச் செலவின்றிக் கல்வி தரும் வழியை ஐரோப்பா நம் திண்ணையிலிருந்து கற்றுக்கொண்டது. நாமோ பின்னாளில் அத்திண்ணையை இடித்துவிட்டு அவ்விடத்தில் இரும்புக் கதவு வைத்தோம்.

திண்ணைப் பள்ளி தந்த வீட்டுப்பாடம் எத்தகையது என்பதை உ. வே. சாமிநாத ஐயர் தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்திருக்கிறார். மாலையில் வீடு திரும்பும்போது ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஒரு விலங்கின் பெயர், ஓர் ஊரின் பெயர் சொல்லி அனுப்புவார். மறுநாள் மறவாமல் வந்து சொல்லவேண்டும். அவ்வளவுதான். அந்த வீட்டுப்பாடத்திற்கு மேசை வேண்டாம், விளக்கு வேண்டாம். மாடு பிடித்துக் கட்டிக்கொண்டே செய்யலாம், தாயோடு தண்ணீர் இறைத்துக்கொண்டே செய்யலாம்.

இதைக் கேட்டுத் திண்ணைக் காலத்தைப் பொற்காலம் என்று எவரும் மயங்கிவிட வேண்டாம். அந்தத் திண்ணையில் யார் அமர முடிந்தது? அந்த வீதியில் நடக்கவே உரிமையற்றிருந்தோரின் பிள்ளைகள் அங்கு ஏறியிருக்க முடியாது. பெண் பிள்ளைகள் அரிதினும் அரிது. பெல்லாரி ஆட்சியர் காம்பெல் 1823இல் எழுதிய அறிக்கை இன்னொரு தடையைக் காட்டுகிறது. பிள்ளையின் பிஞ்சுக் கைகள் சிறு வேலைக்கு உதவும் நாள் முதலே ஏழைப் பெற்றோருக்கு அவ்வுதவி தேவைப்பட்டுவிடுகிறது என்று அவர் வருந்தி எழுதினார். பள்ளி எவ்வளவு அருகில் இருந்தாலும், வீட்டு வேலை பிள்ளையை விடுவித்தால்தான் அவன் அங்கு போக முடியும். இந்தக் கூற்றை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அவிநாசியில் மறுபடியும் இதைச் சந்திப்போம்.

அவிநாசியிலிருந்து கோவைச் சாலையில் சில கல் தொலைவில் இருக்கிறது கருமத்தம்பட்டி. நம் மறைமாவட்டத்தின் தொட்டில் என்று அதைச் சொல்வது வழக்கம். அங்கு 1846இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர் மெல்கியோர் தெ மாரியோன் பிரெசியாக் ஆண்டகை. 1850இல் கோவை தனி மறைப்பரப்பு ஆளுகையாக அமைந்தபோது அதன் பொறுப்பு அவரிடம் வந்தது. இவர் கோவைக்கு வருமுன்னரே, 1844 சனவரியில் புதுச்சேரியில் கூடிய திருச்சபைப் பேரவையில் கலந்துகொண்டவர். உள்நாட்டுக் குருக்களை உருவாக்குதல், சிறுவர் சிறுமியர் கல்வி ஆகியவை அப்பேரவையின் முதன்மைக் கவலைகள். அதன் விளைவாக அதே ஆண்டில் அருட்தந்தை துப்புய் புதுச்சேரியில் பெண் கல்விக்கெனக் கன்னியர் சபை ஒன்றைத் தொடங்கினார். கோவையில் 1853இல் அருட்தந்தை ஜோசப் லூயி ராவேல் காணிக்கை மாதா சகோதரிகளின் சபைக்கு வித்திட்டார். பிரெசியாக் ஆண்டகை பின்னர் கோவையை விட்டகன்று, லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையை நிறுவி, 1859இல் சியரா லியோன் நாட்டுக் கரையில் நோய்க்குப் பலியானார் என்பது தனிக்கதை.

மறைப்பணியாளர்கள் பள்ளி கட்டினார்கள். ஆனால் பள்ளி முடிந்து பிள்ளை திரும்பிச் செல்லும் குடிசையில் அவன் படிக்க வழியில்லை என்பதையும் விரைவில் உணர்ந்தார்கள். அவர்கள் கண்ட தீர்வு விடுதி. நம் முதியோர் வாய்மொழியில் ‘போர்டிங்’. மணியடித்தால் எழுதல், மணியடித்தால் செபம், மணியடித்தால் படிப்பு. நடுவே ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. அதைச் சுற்றிப் பாயில் அமர்ந்து முணுமுணுக்கும் ஐம்பது வாய்கள். நம் ஊர்களின் முதல் தலைமுறை ஆசிரியர்கள், எழுத்தர்கள், செவிலியர் பலருக்கு அந்தப் பாய்தான் முதல் படிப்பறை. அந்த நன்றியை மறப்பதற்கில்லை. எனினும் அத்தீர்வு, வீட்டில் இடமில்லை என்பதற்காகப் பிள்ளையை வீட்டிலிருந்தே பெயர்த்தெடுத்த தீர்வு. தாய் தன் பிள்ளை எழுதுவதைக் கண்ணால் காணாமலே போனாள். எழுதத் தெரியாத தாயும், தன் பிள்ளை எழுதும்போது அருகில் இருந்தால் அந்த வீட்டில் ஏதோ ஒன்று மாறுகிறது. விடுதி அதை மட்டும் தரவில்லை.

வீட்டில் படிக்க இடம் கேட்டுத் துன்புற்ற ஒரு பிள்ளை நம் பீடங்களிலேயே இருக்கிறார். தொன் போஸ்கோவைத்தான் சொல்கிறேன். 1815இல் இத்தாலியின் பெக்கி என்னும் சிற்றூரில் பிறந்த யோவானுக்கு இரண்டு வயதிலேயே தந்தை இறந்தார். மூத்தவரான மாற்றாந்தாய் மகன் அந்தோனியோ நிலத்தில் உழைத்துக் குடும்பம் காத்தவர். தம்பி கையில் புத்தகத்தைக் கண்டாலே அவருக்குச் சினம் மூளும். புத்தகமின்றியே நான் வளரவில்லையா என்பது அவர் வாதம். அந்த ஒரு வீட்டில் ஏர்க்கலப்பையும் புத்தகமும் ஒத்துப் போகவில்லை. தாய் மார்கரீத்தா வேறு வழியின்றி 1828இன் தொடக்கத்தில், பன்னிரண்டே வயதான மகனை மோலியா குடும்பத்தின் பண்ணைக்கு வேலைக்கு அனுப்பினார். பின்னாளில் தூரின் நகரில் அவர் வேலைக்குச் செல்லும் சிறுவர்க்கென்றே இரவுப் பள்ளிகள் நடத்தினார் என்றால், அதன் வேர் பெக்கியின் அந்தச் சிறு வீட்டில் இருக்கிறது. நான் அந்தோனியோவைப் பழிக்கமாட்டேன். குடும்பத்தின் சோறு அவர் தோளில் இருந்தது. நம் தெருக்களில் அந்தோனியோக்கள் பலர் உண்டு. அவர்கள் கொடியவர்கள் அல்லர், களைத்தவர்கள்.

1854க்குப் பின் அரசு மானியமும், அச்சுப் புத்தகமும், சிலேட்டும், பத்து மணி முதல் நான்கு மணி வரை என்னும் கால அட்டவணையும் வந்தன. பள்ளி திண்ணையை விட்டிறங்கித் தனிக் கட்டடத்திற்குக் குடிபெயர்ந்தது. அதனால் திண்ணையில் ஏற முடியாதோரில் சிலருக்கேனும் கதவு திறந்தது. அது பெரும் நன்மை. ஆனால் நாள் முழுதும் தன் மேற்பார்வையில் நடந்த படிப்பில் ஒரு பகுதியைப் பள்ளி, எழுத்து வேலையாக, வீட்டின் மடியில் போட்டது. வீட்டைக் கட்டியவன் இதை எதிர்பார்க்கவில்லை. கொங்கு நாட்டுத் தொட்டிக்கட்டு வீட்டில் விருந்தினர்க்கு ஆசாரம் உண்டு, தானியத்திற்குக் குதிர் உண்டு, மாட்டுக்குக் கட்டுத்தறி உண்டு. எழுதும் பிள்ளைக்கென ஓரிடம் இல்லை. தோட்டத்துச் சாளையில் வாழ்ந்தவனுக்கோ இவற்றில் எதுவும் இல்லை.

இடம் கிடைத்தாலும் வெளிச்சம்? கொட்டமுத்து எண்ணெய் ஊற்றிய அகல், பிறகு மண்ணெண்ணெய்ச் சிம்னி, வசதியுள்ளோர்க்கு அரிக்கேன். எண்ணெய் விலை கொடுத்து வாங்குவது; சாப்பாடு முடிந்ததும் திரியைக் குறைப்பார்கள். கத்தோலிக்க இல்லங்களில் இதற்கு ஒரு சிறு விலக்கு இருந்தது. செபமாலை முடியும் வரை மாதா படத்தின் முன் விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தின் விளிம்பில் அமர்ந்து ஒரு கண் படத்திலும் ஒரு கண் வாய்ப்பாட்டிலுமாக இருந்தவர்களில் நானும் ஒருவன். நூற்று ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை சொல்லும் நாள்களில் வீட்டுக்கணக்கு முழுதும் முடிந்துவிடும்!

1932இல் நீலகிரியின் பைகாரா மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் கோவையைப் பஞ்சாலை நகரமாக்கிற்று என்பதை நம் பிள்ளைகள் பாடமாகப் படிக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கிய மின்சாரம் முதலில் சென்றது கதிர்களைச் சுழற்ற. படிக்கும் பிள்ளையின் தலைமேல் ஒரு குண்டு பல்பாக அது எரிய, பல சிற்றூர்களில் ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. குடிசைக்கு ஒரு விளக்கு என்று அரசு இணைப்புத் தந்தது அதற்கும் வெகு பின்னர். ஒரே விளக்கு என்பதால் அதைச் சமையலறைப் பக்கம் தொங்கவிடுவதா, வாசல் பக்கமா என்பதே குடும்பத்தில் பெரும் வழக்கு. படிக்கும் பிள்ளையின் வாக்குக்கு அங்கு மதிப்பிருந்ததாகத் தெரியவில்லை.

அவிநாசி, சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரத்தில் வீட்டுக்குள் இன்னொரு குடியிருப்பாளர் உண்டு: தறி. குழித்தறி இருந்த வீட்டில் அதுவே நடுக்கூடம். பிறகு விசைத்தறி வந்தது. இடத்தோடு அமைதியையும் எடுத்துக்கொண்டது. திருப்பூர்ப் பனியன் தொழில் பெருகியபோது பிசிறு வெட்டுவதும், மடிப்பதும், எண்ணிக் கட்டுவதும் மூட்டை மூட்டையாக வீடுகளுக்கு வந்தன. பள்ளி விட்டு வந்த பிள்ளையின் கைகளுக்கு அங்கு வேலை காத்திருந்தது. காம்பெல் பெல்லாரியில் எழுதியதன் மறுபதிப்பை நாம் கண்ணெதிரே கண்டோம்.

சட்டம் இதைப் பார்த்த விதத்தை நம் இறைமக்கள் அறிந்திருக்க வேண்டும். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தாரின் துணையோடு நடக்கும் பட்டறைக்குத் தடையிலிருந்து விலக்களித்தது. 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவது எல்லாத் தொழில்களிலும் தடை செய்யப்பட்டது. ஆனால் ஆபத்தற்ற குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் முடிந்த பின்னும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம் என்னும் விலக்கு நிலைத்தது. பள்ளி நேரம் முடிந்த பின் என்பது எந்த நேரம்? அது வீட்டுப்பாடத்தின் நேரம் அல்லவா? சட்டம் பள்ளியின் ஆறு மணி நேரத்தைக் காத்தது; மாலையைப் பெற்றோரின் மனச்சான்றிடம் விட்டுவிட்டது. நூல் வியாபாரி நாளைக் காலையில் மூட்டையைக் கேட்பார் என்றிருக்கும் வீட்டில் மனச்சான்றும் நெருக்கடிக்குள்தான் வாழ்கிறது.

நாசரேத்து இல்லத்தைப் பற்றி நற்செய்திகள் நமக்கு விவரம் ஏதும் தரவில்லை. தச்சுத் தொழில் நடந்த குடும்பம் என்பதை மட்டும் அறிவோம். திருத்தந்தை ஆறாம் பவுல் 1964 சனவரி 5 அன்று அவ்வூரில் நின்று, நாசரேத்தை ஒரு பள்ளி என்றழைத்தார். அப்பள்ளி மௌனம், குடும்ப வாழ்வு, உழைப்பு என்னும் மூன்று பாடங்களைக் கற்பிப்பதாக அவர் கூறினார். நம் தறிவீடுகளில் உழைப்பு உண்டு, குடும்பமும் உண்டு. மௌனத்திற்குத்தான் இடம் ஒதுக்கவில்லை. அடுத்த ஆண்டு வெளிவந்த கிறித்தவக் கல்வி பற்றிய சங்க ஏடு, பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர் என்று உரைத்ததை ஞாயிறு மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். முதல் ஆசிரியருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்த ஏடு நிபந்தனை வைக்கவில்லை.

1903இல் திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார். அவர் காலத்தில், 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டம் அதுவே முதல். வீட்டில் மேசை இல்லாதவனுக்கு ஊரே ஒரு மேசை தரவேண்டும் என்பதே அச்சட்டத்தின் உட்பொருள் என நான் கொள்கிறேன். அவர் முன்னின்று வளர்த்த தமிழ் வளர்ச்சிக் கழகம், ஈரோட்டுப் பக்கத்தவரான பெ. தூரனைக் கொண்டு குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக 1968 முதல் 1976 வரை வெளியிட்டது. 1957இல் அவர் கோவையில் நிறுவிய மனையியல் கல்லூரி, வீட்டை ஒழுங்கு செய்வதையே ஒரு கல்வியாக்கிற்று. வெளிச்சம் இடப்புறத்திலிருந்து வரவேண்டும், பிள்ளையின் கால் தரையில் பதியவேண்டும், பொருள்கள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கவேண்டும் என்பன போன்ற அறிவுரைகள் மனையியல் பாடத்தோடு நடுத்தர வீடுகளுக்கு வந்தன. நல்ல அறிவுரைகள்தாம். ஆனால் அவை சன்னல் இருக்கும் வீட்டுக்கு எழுதப்பட்டவை. லைன் வீட்டில் இடப்புறம் அடுத்த வீட்டுச் சுவர்.

2006 முதல் அரசு வீடுதோறும் வண்ணத் தொலைக்காட்சி தந்தது. ஒற்றை அறையில் அது எங்கு வைக்கப்பட்டாலும் படிப்பின் முகத்துக்கு நேரே தான் இருந்தது. 2018 மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் கிருபாகரன், முதல் இரு வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் தரலாகாது என்று தீர்ப்பளித்தார். வீட்டின் மடியில் போட்ட சுமையைப் பள்ளி ஓரளவேனும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றமே சொல்ல நேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் கொள்ளை நோய் வந்து பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் முழுவதும் வீட்டுப்பாடமாயிற்று. அப்போதுதான் இரு வீடுகளின் வேறுபாடு அனைவர் கண்ணுக்கும் தெரிந்தது. ஒரு வீட்டில் தனியறையும் கைப்பேசியும். எதிர்வீட்டில் தந்தை வேலைக்குக் கொண்டுபோய்விட்ட ஒரே கைப்பேசி.

அந்த இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கிவைக்கப்பட்டது. மாலையில் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம், அந்தந்தத் தெருவின் தன்னார்வலர் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைக் கூட்டிப் படிக்கவைத்தார். கற்பித்தோர் பெரும்பாலும் பெண்கள். கூடிய இடங்கள்? வீட்டு முற்றம், மரத்தடி, கோயில் மண்டபம், எஞ்சியிருந்த திண்ணைகள். சல்லிவன் எண்ணிய பள்ளிகள் இருநூறாண்டு கழித்துத் திரும்பி வந்தாற்போலிருந்தது. இம்முறை அவற்றில் யாரும் ஏறலாம்; பெண் பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள்.

அவிநாசிக்கு அருகே நான் கண்ட ஒரு லைன் வீட்டைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். கணவனை இழந்த தாய். காலால் மிதிக்கும் பழைய தையல் எந்திரம் ஒன்றே பிழைப்பு. நாள் முழுதும் அதில் தைக்கிறார். மாலை ஏழு அடித்ததும், கையிலிருக்கும் துணி முடியாவிட்டாலும், எந்திரத்தின் தலையை உள்ளே மடித்துப் பலகையை மூடுகிறார். எண்ணெய்க் கறையைத் துணியால் துடைத்து, மேலே ஒரு பழைய நாட்காட்டித் தாளை விரிக்கிறார். சுவரில் திரு இருதய ஆண்டவர் படத்தின் மேலிருக்கும் விளக்கு சரியாக அந்தப் பலகையில் விழுகிறது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் முக்காலியை இழுத்துப் போட்டு அமர்கிறாள். கால் பழக்கத்தில் மிதிபலகையை ஆட்டிக்கொண்டே எழுதுகிறாள். ஒன்பது மணி வரை அந்த எந்திரம் தாயினுடையதன்று. “அந்த ரெண்டு மணி நேரத்துல நாப்பது ரூவாய்க்குத் தைக்கலாங்க சாமி” என்றார் அந்த அம்மாள், கணக்கை மறைக்காமல். பிறகு தரையில் அமர்ந்து, மகள் எழுதுவதைப் பார்த்தபடி பொத்தான் கட்டத் தொடங்கினார்.